கம்பனிகள் இணையும்போது விமானிகள் சங்கம் எப்படிப் பேரம் பேசுவது

இரண்டு விமானக் கம்பனிகள் இணையப்போகின்றன என்று செய்தி வந்தவுடன் சங்கத்துக்காரர் பெரும்பாலும் செய்வது, சம்பளப் பட்டியலை மேசையில் விரித்து எத்தனை வீதம் கூட்டிக் கேட்கலாம் என்று கணக்குப் போடுவதுதான். அதைப் பிறகு போடலாம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எங்கள் கையெழுத்து இல்லாமல் கம்பனியால் எதைச் செய்து முடிக்க முடியாது? அது தெரிந்தால்தான் எப்போது பேசுவது, எதைக் கேட்பது, எதில் விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் பிடிபடும்.

என் பெறாமகன் ஒருவன் வெளிநாட்டில் துணை விமானி. அவனுடைய கம்பனியும் இன்னொன்றும் சேரப்போகின்றன, சங்கக் குழுவில் அவனையும் போட்டுவிட்டார்கள். "சித்தப்பா, நீங்கள் பைனான்ஸ் கம்பனிச் சங்கத்தில இதெல்லாம் பார்த்தனீங்கள்தானே, என்ன செய்யிறது?" என்று கேட்டான். யாழ்ப்பாணத்தில் லீசிங் கோப்புகளோடு இருந்தவனுக்கும் விமானி அறைக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் இணைப்புக் காலத்துப் பேரத்தை வெளிப்படையாகவும் பல தடவையும் செய்து பார்த்தவர்கள் விமானிகள்தான் என்பதால், அவர்களுடைய ஒப்பந்தங்களையும் நடுத்தீர்ப்புகளையும் (இரு பக்கமும் ஏற்க வேண்டிய நடுவர் தீர்ப்புகள்) அந்தக் காலத்திலேயே தேடித் தேடி வாசித்திருக்கிறேன். வங்கி, தொலைபேசிக் கம்பனிகளில் இருப்பவர்களும் இதை வாசிக்கலாம். 2018இல் ஹட்சும் எட்டிசலாட்டும், 2024இல் டயலொக்கும் எயார்டெல்லும் சேர்ந்ததைப் பார்த்தவர்கள்தானே நாங்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன

இணைப்பை அறிவிப்பது ஒரு நாள் வேலை. இரண்டையும் ஒரே கம்பனியாக ஓட்ட வருடக்கணக்கு எடுக்கும். இணைப்பால் மிஞ்சும் என்று பங்குதாரருக்குக் காட்டிய மிச்சக் காசு எங்கிருந்து வரவேண்டும் என்று பாருங்கள்: இந்தப் பக்கத்து விமானத்தை அந்தப் பக்கத்து விமானி ஓட்டலாம், ஒரு நகரத்தில் மிஞ்சும் ஆட்களை ஆள் குறைந்த நகரத்துக்கு மாற்றலாம், இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் காத்திருப்பில் வைத்திருக்கும் விமானிகளைச் சேர்த்துக் குறைக்கலாம், கூட்டம் இல்லாத தடத்தில் மற்றக் கம்பனியின் சின்ன விமானத்தை விடலாம். இரண்டு ஒப்பந்தமும் இரண்டு சேவை மூப்புப் பட்டியலும் (விமானிகளில் யார் முன், யார் பின் என்ற வரிசை) தனித்தனியாக இருக்கும்வரை இதில் பெரும்பகுதி நடக்காது. வெளியே ஒரே நிறம் பூசி, டிக்கெட்டை ஒரே இடத்தில் விற்றாலும் விமானி அறைக்குள் இரண்டு கம்பனிதான். உங்கள் பலம் இதுதான். வேலைநிறுத்தம் பற்றிய பேச்செல்லாம் இதற்குப் பிறகு.

ஆகவே முதல் வாரத்தில் கூட்டம் வைக்காமல் உங்கள் ஒப்பந்தத்தை வரி வரியாக வாசியுங்கள். கம்பனி கைமாறினால் வாங்குபவரையும் இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா? கம்பனியின் பெயரில் ஓடும் விமானங்களை உங்கள் பட்டியலில் உள்ளவர்கள்தான் ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, அல்லது இத்தனை இருக்கைக்குக் கீழ் உள்ளவற்றை வெளியாருக்குக் கொடுக்கலாமா? ஆட்குறைப்புக்குத் தடை உண்டா, உண்டென்றால் எந்தத் திகதி வரை? மற்றச் சங்கத்தின் ஒப்பந்தத்தையும் வாங்கி அதே கண்ணோடு வாசியுங்கள். அவர்களிடம் இருக்கும் ஒரு வரி உங்களிடம் இல்லாமல் இருக்கலாம், அந்த ஒரு வரிக்காகவே கம்பனி உங்கள் பக்கத்துக்கு வேலையைத் தள்ளப் பார்க்கும்.

எந்தக் கம்பனி விற்பனைக்குள் வருகிறது, எது வெளியே நிற்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு ஓடத் தொடங்கியது அலையன்ஸ் எயார். அப்போது அது எயார் இந்தியாவின் துணை நிறுவனம். 2022 ஜனவரியில் டாட்டா எயார் இந்தியாவை எடுத்தபோது அலையன்ஸ் எயார் அதோடு போகவில்லை, அரசாங்கத்திடமே நின்றுவிட்டது. ஒரே குடும்பத்துக் கம்பனி என்று நினைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஒரு நாள் நீங்கள் ஒரு பக்கமும் பட்டியல் மறு பக்கமுமாக நிற்க நேரும்.

எப்போது பேசுவது

அறிவிப்புக்கும் சட்டப்படி இணைப்பு முடியும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை விடாதீர்கள். அந்த மாதங்களில் நிர்வாகத்துக்குப் போட்டி ஆணையம், பங்குதாரர், கடன் கொடுத்தவர் என்று எல்லோரிடமும் "எங்கள் ஊழியர்கள் எங்களோடு நிற்கிறார்கள்" என்று சொல்ல வேண்டிய தேவை இருக்கும். இணைப்பு முடிந்த மறுநாள் அந்தத் தேவையில் பாதி போய்விடும். அதற்குப் பிறகும் மிச்சக் காசுக்கு நீங்கள் வேண்டும்தான், ஆனால் இரண்டையும் தனித்தனியாக ஓட்டிக்கொண்டு உங்களைக் காத்திருக்க வைக்க அவர்களால் முடியும், சம்பளம் உயராமல் காத்திருக்க உங்களால் முடியாது.

அமெரிக்க விமானக் கம்பனிகளான டெல்டாவும் நோர்த்வெஸ்டும் சேர்ந்த கதையைப் பாருங்கள். 2008 தொடக்கத்தில் இரு பக்கத்து விமானிகளும் சேவை மூப்பில் உடன்படாததால் இணைப்பே தடுமாறி நின்றது. ஏப்ரலில் அறிவித்தார்கள், அதற்குப் பிறகு கோடைகாலத்தில் விமானிகள் கூட்டு ஒப்பந்தம் ஒன்றைப் பேசி முடித்தார்கள், புதிய கம்பனியில் ஒரு பங்கும் வாங்கிக்கொண்டார்கள். இணைப்பு சட்டப்படி முடிந்தது அந்த ஒக்டோபர் 29இல்தான். அதாவது கம்பனி பிறக்கும்போதே ஒப்பந்தம் தயார். மூப்புப் பட்டியலை நடுத்தீர்ப்புக்கு விட்டார்கள், அதுவும் டிசம்பரில் முடிந்தது. அதே தொழிலில் யுனைட்டெட்டும் கொன்டினென்டலும் 2010 ஒக்டோபரில் இணைந்துவிட்டுப் பிறகுதான் பேசினார்கள். கூட்டு ஒப்பந்தம் 2012 டிசம்பரில் வந்தது. இடையில் போன இரண்டு வருடத்துக்கு யார் காசு கொடுப்பது என்று தனியாக ஒரு சண்டை.

இதைவிடக் கெட்டித்தனமான விளையாட்டு அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானிகளுடையது. 2011 நவம்பரில் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஒப்பந்தங்களை வெட்டுவதுதான் நோக்கம். சங்கங்கள் என்ன செய்தன? போட்டிக் கம்பனியான யூ.எஸ். எயார்வேஸோடு போய்க் கதைத்து, "நீ எங்களை வாங்கினால் எங்களுக்கு என்ன தருவாய்" என்று நிபந்தனை உடன்பாடு எழுதிக்கொண்டு, 2012 ஏப்ரலில் அந்த இணைப்பை ஆதரிக்கிறோம் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டன. விமானிகள், விமானப் பணியாளர்கள், தரைத் தொழிலாளர்கள் என்று மூன்று சங்கமும் ஒன்றாக. சொந்த நிர்வாகம் தனியே நிற்கப் பார்த்தது, ஆனால் கடன் கொடுத்தவர்களுக்கு எந்தப் பக்கம் தொழிலாளர் அமைதி இருக்கிறது என்று விளங்கிவிட்டது. 2013 டிசம்பர் 9இல் இணைப்பு முடிந்தது. எல்லாக் கம்பனியிலும் இப்படி ஒரு மூன்றாம் ஆள் கிடைக்கமாட்டான். ஆனாலும் உங்கள் நிர்வாகத்தைத் தவிர இந்த இணைப்பு யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று தேடிப் பார்க்காமல் மேசைக்குப் போகாதீர்கள்.

சேவை மூப்பு: சங்கங்கள் தோற்கும் இடம்

இதைக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டும். விமானிக்குச் சேவை மூப்பு எண்தான் எல்லாம். எந்த விமானம், எந்த நகரம், எப்போது கப்டன், தீபாவளிக்கு வீட்டில் நிற்பதா சிட்னியில் நிற்பதா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் போவது என்பதையெல்லாம் அந்த எண் முடிவு செய்கிறது. இரண்டு பட்டியலை ஒன்றாக்கும்போது ஒருவன் மேலே போனால் இன்னொருவன் கீழே போகத்தான் வேண்டும். இந்தச் சண்டையில் நிர்வாகத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. அதனால் நீங்கள் அடிபட்டுக்கொண்டிருப்பது அவர்களுக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கலாம்.

2005இல் யூ.எஸ். எயார்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் சேர்ந்தன. 2007இல் நடுத்தீர்ப்பாளர் பட்டியல் ஒன்று கொடுத்தார். அதில் கிழக்குப் பக்கத்தில் (பழைய யூ.எஸ். எயார்வேஸ்) பல வருடம் வேலை செய்தவர்கள் சிலர், மேற்குப் பக்கத்தில் (அமெரிக்கா வெஸ்ட்) புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கீழே போனார்கள். பழைய யூ.எஸ். எயார்வேஸ் வங்குரோத்தில் இருந்தது, அதன் விமானிகள் பலர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள், ஆகவே இணைப்பு இல்லாவிட்டால் அவர்களுடைய எதிர்காலம் என்னவாக இருந்திருக்கும் என்று நடுத்தீர்ப்பாளர் பார்த்தார். கிழக்குப் பக்கத்தார் எண்ணிக்கையில் அதிகம். கோபத்தில் பழைய சங்கத்தையே 2008இல் வாக்களித்து வெளியேற்றிவிட்டுப் புதுச் சங்கம் அமைத்தார்கள், அதன் பிறகு நீதிமன்றப் படியேறினார்கள். முடிவு? வருடக்கணக்காக இரண்டு பட்டியல், இரண்டு ஒப்பந்தம், கிழக்குப் பக்கத்துக்கு வங்குரோத்துக் காலத்துச் சம்பளம். கம்பனி தன் பாட்டில் ஓடியது. அமெரிக்கனோடு இணைந்த பிறகு, 2016இல்தான் எல்லோரையும் சேர்த்த ஒரு பட்டியலுக்குத் தீர்ப்பு வந்தது.

பக்கத்து நாட்டிலும் இதே கதைதான். 2007இல் எயார் இந்தியாவையும் இந்தியன் எயார்லைன்ஸையும் அரசாங்கம் ஒன்றாக்கியது. விமானிகளுக்கு இரண்டு சங்கம், இரண்டு சம்பள முறை. 2011இல் பழைய இந்தியன் எயார்லைன்ஸ் பக்கத்தார் சமச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012இல் பழைய எயார் இந்தியாப் பக்கத்தார், புதிய ட்ரீம்லைனர் விமானப் பயிற்சியை மற்றப் பக்கத்தாருக்கும் கொடுப்பதை எதிர்த்து 58 நாள் வெளியே நின்றார்கள். கவனியுங்கள், இரண்டாவது வேலைநிறுத்தம் கம்பனிக்கு எதிரானது போல இருந்தாலும் உள்ளே அது மற்ற விமானிக்கு எதிரானது. ஒரு பக்கம் நிற்க, மறு பக்கம் ஓட்டியது. இப்படி இரண்டாகப் பிரிந்த சங்கத்தால் நிர்வாகத்தை ஒரு அங்குலம்கூட அசைக்க முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? பட்டியலில் யார் எங்கே என்பதை முதலில் பேசாதீர்கள், பட்டியலை எப்படித் தீர்ப்பது என்பதை முதலில் பேசுங்கள். இத்தனை மாதம் பேச்சு, முடியாவிட்டால் மத்தியஸ்தம், அதுவும் முடியாவிட்டால் மூன்று பேர் கொண்ட நடுத்தீர்ப்பு, தீர்ப்பு எப்படி வந்தாலும் இரு பக்கமும் ஏற்க வேண்டும், அதை மாற்றுவதற்காகச் சங்கத்தை மாற்றுவதில்லை என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. 2001இல் டி.டபிள்யூ.ஏ. என்ற விமானக் கம்பனியை அமெரிக்கன் வாங்கியபோது அதன் விமானிகளில் பெருந்தொகையானோரைப் பட்டியலின் அடியில் போட்டுவிட்டார்கள், அடுத்து வந்த ஆட்குறைப்பில் அவர்கள்தான் முதலில் போனார்கள். அதைப் பார்த்த மிசூரி மாநிலச் செனட்டர்கள் மெக்காஸ்கிலும் பொண்டும் கொண்டுவந்த சட்டம் 2007 டிசம்பரில் நிறைவேறியது. நியாயமான முறையில் பட்டியலைச் சேர், முடியாவிட்டால் நடுத்தீர்ப்புக்குப் போ என்பதுதான் அதன் சாரம். அப்படிச் சட்டம் இல்லாத நாட்டில் நீங்கள்தான் அதை ஒப்பந்தமாக எழுத வேண்டும்.

இன்னும் சில விஷயம் இதோடு. சம்பளம் பேசும் குழுவும் மூப்பு பேசும் குழுவும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். மூப்பில் மற்றப் பக்கத்தோடு கத்திவிட்டு வந்த ஆள், அதே மற்றப் பக்கத்தோடு சேர்ந்து மாலையில் நிர்வாகத்தோடு பேச முடியாது. இரு பட்டியலையும் இணைப்பு அறிவித்த நாளிலோ அதற்கு முன்போ உள்ளபடி உறைய வையுங்கள், இல்லாவிட்டால் இடையில் அவசரமாகக் கொடுத்த பதவி உயர்வெல்லாம் உள்ளே வந்துவிடும். சேர்ந்த திகதி மட்டும்தான் நியாயம் என்று பிடிவாதமாக நிற்காதீர்கள். நடுத்தீர்ப்பாளர்கள் சேவைக் காலம், இப்போது இருக்கும் பதவியும் விமான வகையும், இணைப்பு இல்லாவிட்டால் எதிர்பார்த்திருக்கக்கூடிய வாய்ப்பு ஆகிய மூன்றையும் கலந்துதான் பார்ப்பார்கள், ஆகவே மூன்றுக்கும் கணக்கு வைத்திருங்கள். பட்டியல் சேர்ந்த பிறகும் சில வருடத்துக்கு இந்த நகரத்துப் பெரிய விமானம் பழைய ஆட்களுக்குத்தான் என்று வேலி போடலாம், அது பல சண்டையைத் தணிக்கும். வேலி எங்கே, எத்தனை வருடம் என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். யாழ்ப்பாணத்தாருக்கு, வேலிக் கதியாலை அரை அடி தள்ளி நட்டால் என்ன நடக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இடைக்கால உடன்பாட்டில் என்ன எழுதுவது

முழு ஒப்பந்தம் வரும்வரை ஓடுவதற்கு இடைக்கால உடன்பாடு ஒன்று தேவை. இதில்தான் நிர்வாகம் உங்களை இலேசாக ஏமாற்றும், ஏனென்றால் எல்லோரும் "இது தற்காலிகம்தானே" என்று கவனிக்காமல் விடுவார்கள். இரு பக்கத்திலும் ஓடும் விமானங்களுக்கும் பறக்கும் மணிக்கும் குறைந்தபட்ச எண் இருக்க வேண்டும், இல்லையென்றால் சம்பளம் குறைந்த பக்கத்துக்கு வேலை மெதுவாக நகரும். புதிதாக வரும் விமானம் எந்தப் பக்கத்துக்கு என்று இருக்க வேண்டும். ஆட்குறைப்பு இல்லை என்று இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் காலக்கெடு: இன்ன திகதிக்குள் கூட்டு ஒப்பந்தம் வராவிட்டால் குறைந்த பக்கத்தின் சம்பளம் தானாகக் கூடிய பக்கத்துக்கு ஏறும், மிச்ச விடயங்கள் நடுத்தீர்ப்புக்குப் போகும். இந்த ஒரு வரி இருந்தால் இழுத்தடிப்பதில் நிர்வாகத்துக்கு இலாபம் இல்லை. இந்த வரியை வெட்டத்தான் மிகவும் பாடுபடுவார்கள். அவர்கள் எதில் அதிகம் பாடுபடுகிறார்களோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலைநிறுத்தமும் சுகயீன விடுப்பும்

இளம் ஆட்களுக்கு இதுதான் ருசி. கவனமாக இருங்கள். 1999இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் ரீனோ எயார் என்ற சின்னக் கம்பனியை வாங்கியபோது விமானிகள் கூட்டமாகச் சுகயீனம் என்று வீட்டில் நின்றார்கள். நீதிமன்றம் வேலைக்குத் திரும்பு என்றது, அதை உடனே கேட்காததால் சங்கத்துக்கு 45 மில்லியன் டொலருக்கு மேல் தண்டம் விழுந்தது. சின்ன இணைப்புத்தான், தண்டம் சங்கத்தையே விற்கும் அளவுக்கு. அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழில் சட்டம்தான் 1936இலிருந்து விமானக் கம்பனிகளுக்கும். மத்தியஸ்தம் முடிந்து 30 நாள் காத்திருப்பும் கழிந்தால்தான் வெளியே இறங்கலாம்.

2024 ஏப்ரலில் இந்தியாவின் விஸ்தாரா விமானக் கம்பனியில் நடந்ததையும் பாருங்கள். எயார் இந்தியாவோடு இணைவதற்கு முன் கொடுத்த புதிய சம்பள முறையில் எவ்வளவு பறந்தாலும் உறுதியாகக் கிடைக்கும் சம்பளத்துக்குரிய மாதப் பறப்பு மணி 70இலிருந்து 40ஆகக் குறைந்தது. விமானிகள் பலர் வேலைக்கு வரவில்லை, பறப்புகள் இரத்தாயின, கம்பனி தன் சேவையையே குறைக்க வேண்டி வந்தது. நிர்வாகம் இறங்கிவந்து கதைத்தது. ஆனால் தயாரான கோரிக்கைப் பட்டியலும் கையெழுத்து வைக்க அதிகாரமுள்ள குழுவும் முன்கூட்டி இருந்தால்தான் இப்படியான நாட்களில் கோபம் எழுத்தாகும். இல்லையென்றால் இரண்டு கிழமையில் எல்லோரும் திரும்பிப் பறப்பார்கள், இணைப்பும் திட்டமிட்டபடி முடியும். அது அந்த நவம்பர் 12இல் முடிந்தது.

வாக்கெடுப்பு எடுத்து ஆதரவு எவ்வளவு என்று காட்டுங்கள், சீருடையோடு விமான நிலைய வாசலில் நில்லுங்கள், மேலதிக வேலை கட்டாயமில்லை என்றால் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு அதை எடுக்காமல் இருங்கள். வட்ஸ்அப், வைபர் குழுக்களில் "கடைசியாக எதுக்கு இறங்குவோம்" என்று எழுதாதீர்கள். அது மேசைக்கு உங்களுக்கு முன்னே போய்ச் சேரும்.

இங்கே இருப்பவர்களுக்கு

இலங்கையில் இருந்து இதைச் செய்வதென்றால் ஆயுதம் வேறு. சங்கம் பதிய ஏழு பேர் போதும், ஆனால் 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு வந்த திருத்தத்தின்படி, பேரம் பேச மறுக்க முடியாத நிலைக்கு நிர்வாகத்தைக் கொண்டுவர, நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்களில் 40 வீதமாவது உங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும். இணைந்த பிறகு மொத்தத் தொகை கூடும், உங்கள் வீதம் குறையும். 2016 ஒக்டோபரில் மிஹின் லங்காவின் சேவைகள் சிறிலங்கனுக்குள் போனது போல, பெரியது சின்னதை விழுங்கும் இணைப்பில் சின்னக் கம்பனிச் சங்கம் ஒரே இரவில் 40க்குக் கீழே போய்விடும். இணைப்புக்கு முன்பே மற்றப் பக்கத்தாரையும் உறுப்பினராக்கும் வேலையைத் தொடங்குங்கள். அத்தியாவசிய சேவை என்று வர்த்தமானி வந்தால் வேலைநிறுத்தம் பெரும் ஆபத்து என்பதையும் கணக்கில் எடுங்கள்.

உங்களிடம் உள்ள பெரிய பலம் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். 15 பேருக்குக் குறையாத இடத்தில், 180 நாள் சேவை உள்ளவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். இணைப்புக் காலத்தில் நிர்வாகம் அந்தச் சம்மதத்தைத்தான் உங்களிடம் கேட்டு வருகிறது, பெரும்பாலும் "புதிய கம்பனியின் நியமனக் கடிதம்" என்ற பெயரில். நான் பார்த்த ஒரு இணைப்பில் கடிதத்தோடு ஒரு பேனாவையும் தந்து பின்னேரத்துக்குள் கையெழுத்து கேட்டார்கள். அவசரப்படாதீர்கள். பழைய கம்பனியில் சேர்ந்த திகதி புதிய கடிதத்தில் இருக்கிறதா, பழைய சேவைக் காலம் முழுவதும் பணிக்கொடைக்குச் சேரும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் அது, 15 வருடச் சேவை அழிந்தால் ஏழரை மாதச் சம்பளம் போய்விடும். ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் பழைய கம்பனி கட்ட வேண்டியது கடைசி மாதம் வரை கட்டியாயிற்றா என்றும் பாருங்கள். இதில் ஒன்று இல்லையென்றாலும் "வாசிப்பதற்காகப் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் திகதியோடு எழுதிக் கொடுத்துவிட்டு, பிரதியை எடுத்துக்கொண்டு சங்கத்திடமும் தொழில் திணைக்களத்திடமும் போங்கள்.